பழைய எஸ்யூவி: பெட்ரோலா, ஹைப்ரிட்டா? பக்கத்துத் தெரு அண்ணனுக்குப் போட்டுக் கொடுத்த கணக்கு



ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எம்.கே.பி. நகர்ல எங்க பக்கத்துத் தெரு அண்ணன் ஒருத்தர் வீட்டுக்கு வந்தார். காட்டுப்பள்ளி துறைமுகம் பக்கத்துல ஒரு கன்டெய்னர் யார்டுல வேலை. கையில செல்போன், அதுல ஒரு கார் போட்டோ.

"தம்பி, 2023 கிராண்ட் விட்டாரா, ஹைப்ரிட்டு. பதினாலரை லட்சம் சொல்றான். நாளைக்குள்ள ஐம்பதாயிரம் அட்வான்ஸ் போட்டா வேற யாருக்கும் காட்ட மாட்டேங்கிறான். போடட்டுமா?"

"அண்ணே, மாசத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீங்க?"

"அதெல்லாம் யாருப்பா எண்ணுனது? டெய்லி வேலைக்குப் போறேன், வரேன்."

அவர் கையில இருந்தது அஞ்சு லட்சம் சேமிப்பு. அடுத்த வருஷம் பொண்ணு காலேஜ் சேரப் போகுது. அதனால இந்த விஷயத்துல தப்பு பண்ணா, அடி கார்ல மட்டும் நிக்காது. ரெண்டு பேரும் காபி குடிச்சுக்கிட்டே பேப்பர்ல கணக்கு போட்டோம். அந்தக் கணக்கைத்தான் இங்க அப்படியே கொடுக்கிறேன். உங்க எண்ணைப் போட்டு நீங்களும் பார்த்துக்கலாம்.

முதல்ல, எந்த ஹைப்ரிட்?

மாருதி கிராண்ட் விட்டாராவும் டொயோட்டா அர்பன் க்ரூஸர் ஹைரைடரும் 2022-ல வந்த அண்ணன் தம்பி வண்டிகள். ரெண்டுமே பெங்களூரு பக்கம் பிடதியில இருக்கிற டொயோட்டா ஆலையில தயாராக ஆரம்பிச்சவை. ரெண்டுலயும் ரெண்டு வகை உண்டு.

ஒண்ணு, மைல்டு ஹைப்ரிட். இது கிட்டத்தட்ட பெட்ரோல் காரேதான். ஒரு சின்ன மோட்டார் இன்ஜினுக்குக் கொஞ்சம் கை கொடுக்கும், அவ்வளவுதான். இன்னொண்ணு ஸ்ட்ராங் ஹைப்ரிட். மெதுவா ஊரும்போது இன்ஜினை அணைச்சுட்டு மோட்டார்லயே ஓடும். பிரேக் போடும்போது வீணாகிற சக்தியில பேட்டரியை ஏத்திக்கும். பிளக்ல மாட்டிச் சார்ஜ் பண்ற வேலை கிடையாது.

பழைய கார் விளம்பரத்துல ரெண்டுக்குமே "ஹைப்ரிட்" என்றுதான் எழுதுவாங்க. கண்டுபிடிக்க எளிமையான வழி இருக்கு. ஸ்ட்ராங் ஹைப்ரிட்ல கிளட்ச், மேனுவல் கியர் கிடையவே கிடையாது. கிளட்ச் இருந்தா அது மைல்டுதான். ஆட்டோமேட்டிக்கா இருந்தா டிக்கியைத் திறந்து பாருங்க. ஸ்ட்ராங் ஹைப்ரிட்ல பேட்டரி டிக்கிக்குக் கீழ உக்காந்திருக்கு, அதனால அங்க இடம் கணிசமா குறையும். கிராண்ட் விட்டாராவா இருந்தா வேரியன்ட் பேர்ல "பிளஸ்" இருக்கான்னும் பார்க்கலாம்.

அண்ணன் காட்டினது ஸீட்டா பிளஸ். உண்மையான ஸ்ட்ராங் ஹைப்ரிட். இங்க வரைக்கும் சரி.

மாசம் 1,350 கிலோமீட்டர்

கம்பெனி சொல்ற மைலேஜ், ஸ்ட்ராங் ஹைப்ரிட்டுக்கு லிட்டருக்கு 27.97. பெட்ரோல் ஆட்டோமேட்டிக்குக்கு 20.58. இது பரிசோதனைக்கூட எண். மணலி விரைவுச்சாலையில டிரெய்லர் லாரிங்க வரிசை கட்டி நிக்கும்போது இந்த எண் உதவாது. அதனால நான் பத்திரமா குறைச்சே எடுத்துக்கிட்டேன்: நெரிசல்ல பெட்ரோல் ஆட்டோமேட்டிக் 11, ஹைப்ரிட் 20. பெட்ரோல் லிட்டர் ₹101 என்று வைத்துக்கொள்வோம்.

பெட்ரோல் கார்: ஒரு கிலோமீட்டருக்கு ₹9.18
ஹைப்ரிட்: ஒரு கிலோமீட்டருக்கு ₹5.05
மிச்சம்: ₹4.13

அதே வயசு, அதே அளவு ஓடின பெட்ரோல் ஆட்டோமேட்டிக் ஒண்ணு 12 லட்சத்துக்குக் கிடைச்சுது. ஹைப்ரிட் பதினாலரை. ஆக வித்தியாசம் ₹2.5 லட்சம்.

பெரும்பாலும் நாம பண்ற தப்பு என்னன்னா, 2.5 லட்சத்தை 4.13-ஆல வகுத்து "60,000 கிலோமீட்டர்ல போட்ட காசு வந்துரும்"னு முடிச்சுடுவோம். ஆனா அந்த 2.5 லட்சமும் கடன்ல வருது. பழைய காருக்கான வட்டி புதுக் காரோட வட்டியைவிட அதிகம். 12 சதவீதம், 60 மாசம்னு எடுத்தா, அந்தக் கூடுதல் தொகைக்கு மட்டும் இஎம்ஐ ₹5,561. மொத்தமா கட்டுறது சுமார் ₹3.34 லட்சம்.

இப்ப கேள்வி சுலபம். மாசா மாசம் மிச்சமாகிற பெட்ரோல் காசு, அந்தக் கூடுதல் இஎம்ஐயைக் கட்டுதா? 5,561-ஐ 4.13-ஆல வகுத்தா 1,346. ஆக, மாசம் 1,350 கிலோமீட்டருக்கு மேல நெரிசல்ல ஓட்டுறவருக்கு ஹைப்ரிட் லாபம். அதுக்குக் கீழ ஓட்டுறவருக்குப் பெட்ரோல் லாபம். அஞ்சு வருஷம் கழிச்சு விக்கும்போது ஹைப்ரிட்டுக்குக் கொஞ்சம் கூடுதலா விலை கிடைக்கலாம். ஆனா வரும் என்று உறுதியில்லாத காசை நான் கணக்குல சேர்க்கிறதில்ல.

அண்ணனுக்கு ஒரு பக்கம் சுமார் 25 கிலோமீட்டர். மாசம் 24 நாள் வேலை. 1,200 ஆச்சு. கோயில், கல்யாணம், மாமனார் வீடுன்னு இன்னொரு 300. மொத்தம் 1,500. மிச்சம் ₹6,200 பக்கம். இஎம்ஐ போக மாசம் அறுநூறு ரூபா கையில நிக்கும். கடன் முடிஞ்ச பிறகு முழு ஆறாயிரமும் மிச்சம். அண்ணனுக்கு ஹைப்ரிட் சரி.

எனக்கு? வீட்டுக்கும் ஆபீஸுக்கும் ஆறு கிலோமீட்டர். மாசம் 600 ஓடினாலே அதிகம். மிச்சம் ₹2,478. அதுக்காக ₹5,561 இஎம்ஐ கட்டினா மாசம் மூவாயிரம் என் பாக்கெட்லருந்து போகும். நான் பெட்ரோல் காரையே வெச்சிருக்கேன்.

இன்னொரு விஷயம். "நான் வாரா வாரம் பெங்களூரு போறேன் சார், எனக்கு ஹைப்ரிட்தானே?"ன்னு கேட்பாங்க. நெடுஞ்சாலையில பெட்ரோல் கார் 16.5 கொடுத்து, ஹைப்ரிட் 21 கொடுத்தா, மிச்சம் கிலோமீட்டருக்கு ₹1.31தான். 1,500 கிலோமீட்டர் ஓடினாலும் இரண்டாயிரம் ரூபா தாண்டாது. ஹைப்ரிட்டுக்குச் சோறு போடுறது டிராபிக் ஜாம்தான், தூரம் இல்ல.

கடன் முன்னாடி முடியணும், வாரன்டி பின்னாடி முடியணும்

"பேட்டரி போச்சுன்னா?" இது அண்ணி கேட்ட கேள்வி, சரியான கேள்வி. இந்த வண்டிகள்ல ஹைப்ரிட் பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முதல்ல வருதோ அதுவரைக்கும் வாரன்டி. பேட்டரியும் சின்னது, 0.76 யூனிட் மின்சாரம்தான் பிடிக்கும். எலக்ட்ரிக் கார் பேட்டரியோட இதை ஒப்பிட்டுப் பயப்படாதீங்க.

நான் சொல்ற விதி ஒண்ணுதான். கார் கடனோட கடைசி இஎம்ஐ, பேட்டரி வாரன்டி முடியறதுக்கு முன்னாடி முடிஞ்சிருக்கணும். அண்ணன் பார்த்த வண்டி 2023 ஜூன்ல பதிவானது. வாரன்டி 2031 ஜூன் வரை. இப்ப 60 மாசக் கடன் எடுத்தா 2031 தொடக்கத்துல முடியும். ஓடினது 40,000. அஞ்சு வருஷத்துல இன்னொரு 90,000. மொத்தம் 1,30,000. ரெண்டு எல்லைக்குள்ளயும் இருக்கு. இஎம்ஐ குறையுதேன்னு ஏழு வருஷக் கடன் எடுத்தா, வாரன்டி இல்லாத காருக்கு இஎம்ஐ கட்டிட்டு இருப்பீங்க.

மாடல் வருஷத்துலயும் ஒரு கோடு போட்டுக்கோங்க: 2023 ஏப்ரல். அதுக்கப்புறம் தயாரான வண்டிகள் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏத்த பாகங்களோட வந்தவை. இப்ப பங்க்ல கிடைக்கிறது அந்தப் பெட்ரோல்தான். டேங்க் மூடியிலயும் ஓனர் கையேட்டுலயும் ஈ20 என்று இருக்கான்னு பாருங்க.

விலைக்குள்ள ஒளிஞ்சிருக்கிற வரி

தமிழ்நாட்டுல 2023 நவம்பர்லருந்து 10 லட்சத்துக்கு மேல 20 லட்சம் வரையிலான புதுக் காருக்கு ஆயுள் வரி 18 சதவீதம். 16 லட்ச ரூபா காருக்கு ₹2.88 லட்சம். நம்ம ஊர்ப் பதிவு உள்ள பழைய காருக்கு இது ஏற்கெனவே கட்டியாச்சு. "கர்நாடகா வண்டி, ஒரு லட்சம் கம்மி சார்"னு யாராவது சொன்னா, அந்த ஊர் ஆர்டிஓ தடையில்லாச் சான்று, இங்க மறுபதிவு, இங்க கட்ட வேண்டிய வரி எல்லாத்தையும் கூட்டிட்டு அப்புறம் கம்மியான்னு பாருங்க.

ஜிஎஸ்டி: பதிவு பெற்ற டீலர் பழைய கார் வித்தா 18 சதவீதம். ஆனா அது அவரோட லாபத்துக்கு மட்டும்தான். 13.5 லட்சத்துக்கு வாங்கி 14.5-க்கு வித்தா, வரி ஒரு லட்சத்துக்கு, அதாவது ₹18,000. "பதினாலரை, ப்ளஸ் ஜிஎஸ்டி 18 பர்சன்ட்"னு மொத்த விலைக்குக் கேட்டா எழுந்து வந்துடுங்க. தனி ஆள்கிட்ட நேரா வாங்கினா ஜிஎஸ்டியே இல்ல.

இன்னொண்ணு. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த அளவு புதுக் கார்களோட வரி குறைஞ்சுது. பெட்ரோலுக்கு 45-லருந்து 40. ஹைப்ரிட்டுக்கு 43-லருந்து 40. விக்கிறவர் 2023 பில்லைக் காட்டி "நான் இவ்ளோ போட்டேன்"னு பேசுவார். நீங்க இன்னைக்குப் புதுசு என்ன விலைன்னு கையில வெச்சுக்கிட்டுப் பேசுங்க.

25 இருக்க வேண்டிய இடத்துல 20

கணக்கெல்லாம் சரியா வந்துடுச்சு. அண்ணன் முகத்துல சிரிப்பு. "அப்ப போட்டுடட்டுமா தம்பி?"

"இன்சூரன்ஸ் பேப்பர் அனுப்பச் சொல்லுங்கண்ணே."

விக்கிறவர் சொன்னது: ஒரே ஓனர், ஒரு கிளெய்ம்கூட இல்ல. கிளெய்ம் இல்லாத காருக்கு நோ கிளெய்ம் போனஸ் ஏறிக்கிட்டே போகும். முதல் வருஷம் முடிஞ்சு புதுப்பிக்கும்போது 20 சதவீதம். அடுத்தது 25. அப்புறம் 35. இந்த வண்டி 2023 ஜூன் பதிவு. 2024 ஜூன்ல 20, 2025 ஜூன்ல 25 இருந்திருக்கணும். பேப்பர்ல இருந்தது 20.

அஞ்சு சதவீதம்தான். ஆனா இதுக்கு என்ன அர்த்தம்? முதல் வருஷத்துக்குள்ள, அதாவது 2023 ஜூனுக்கும் 2024 ஜூனுக்கும் நடுவுல, யாரோ கிளெய்ம் வாங்கியிருக்காங்க. அந்த வருஷம் டிசம்பர்ல இங்க என்ன நடந்துச்சுன்னு நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்ல. மிக்ஜாம் புயல். வியாசர்பாடி பக்கம் எத்தனை தெருவுல தண்ணி நின்னுச்சு, கணேசபுரம் சுரங்கப்பாதை எப்படி இருந்துச்சுன்னு நாம பார்த்தோமே.

திங்கட்கிழமை சேசிஸ் நம்பரை வெச்சு சர்வீஸ் வரலாறு கேட்டோம். 2024 ஜனவரியில தரைவிரிப்பு, சீட், வயரிங் மாத்தின பில். வெள்ளத்துல நின்ன கார். பேட்டரி எங்க இருக்குன்னு மேல சொன்னேனே: டிக்கிக்குக் கீழ.

பெட்ரோல் காரா இருந்தாலும் வெள்ளக் கார் வேண்டாம்னுதான் சொல்வேன். ஹைப்ரிட்ல ரெண்டு மடங்கு. தண்ணி புகுந்த பேட்டரிக்கு "வாரன்டி இருக்கே"ன்னு போய் நிக்க முடியாது. போட்ட கணக்கு மொத்தமும் அந்த வாரன்டி மேலதான் நிக்குது.

நீங்களே பார்க்கக்கூடியது: சீட் பெல்ட்டை முழுசா இழுத்து, அடிப்பக்கம் சேறு கோடு இருக்கான்னு பாருங்க. ஸ்டெப்னி குழி, சீட்டுக்கு அடியில இருக்கிற போல்ட், ரெண்டுலயும் துரு பாருங்க. சர்வீஸ் வரலாற்றை விக்கிறவர் கொடுக்கிற காகிதத்துல பார்க்காம, கம்பெனி சர்வீஸ் சென்டர்லயே கேளுங்க. அங்கேயே ரீகால் பாக்கி இருக்கான்னும் கேளுங்க. 2022 கடைசியில தயாரான கிராண்ட் விட்டாராக்கள்ல பின்சீட் பெல்ட் பாகத்துக்கு ரீகால் வந்துச்சு.

காசு கொடுக்கும்போது

பரிவாகன் தளத்துல ஆர்சி, கடன் பதிவு, பாக்கி அபராதம் மூணையும் பாருங்க. கடன் இருந்தா படிவம் 35-ம் வங்கிச் சான்றும் கைக்கு வராம முழுப் பணம் வேண்டாம். படிவம் 29, 30 கையெழுத்தான 30 நாளுக்குள்ள பேர் மாத்த விண்ணப்பிக்கணும். இன்சூரன்ஸ் மாத்த 14 நாள்தான். விக்கிறவரோட போனஸ் உங்களுக்கு வராது. ரெண்டு லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கினா, வாங்கினவருக்கு அதே அளவு அபராதம் வரலாம். அதனால எல்லாம் வங்கி வழியாவே போகட்டும்.

உங்க பழைய காரைக் கொடுத்துட்டு வர்றீங்களா? அதோட பேர் மாறும்வரை விடாதீங்க. 2018-ல நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்குல உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: கார் நாலு கை மாறிப் போயிருந்தாலும், ஆர்சியில யார் பேர் இருக்கோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு.

அண்ணன் அந்த வண்டியை விட்டுட்டார். ரெண்டு வாரம் கழிச்சு வேற ஒரு ஹைப்ரிட் கிடைச்சுது, ₹20,000 கூட. அந்த பேப்பர்ல போனஸ் 25 இருந்துச்சு. "இருபதாயிரம் போனா போகட்டும்பா, பொண்ணு காலேஜ் காசு தப்பிச்சுது"ன்னார்.

நீங்க கார் பார்க்கப் போறதுக்கு முன்னாடி ஒரு மாசம், இப்ப ஓட்டுற வண்டியோட மீட்டரை ஒண்ணாம் தேதியும் முப்பதாம் தேதியும் எழுதி வையுங்க. அந்த ஒரு எண் இல்லாம அட்வான்ஸ் போடாதீங்க.