பலகை மேல் ஏறி ஏரியைக் கடந்த வாலிபர்

விசைப்படகு இழுக்க, கயிற்றைப் பிடித்தபடி தண்ணீர் மேல் நின்று சறுக்கும் 'வாட்டர் ஸ்கீயிங்' பணக்காரர் விளையாட்டு என்றே பலரும் எண்ணுவர். அதைத் தொடங்கி வைத்தவரோ சாதாரண வாலிபர்.

அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தை ஒட்டியுள்ளது பெபின் ஏரி. 1922 கோடையில் அங்கே ரால்ஃப் சாமுவேல்சன், பீப்பாய்ப் பலகைகளைக் காலில் கட்டிப் பார்த்தார், மூழ்கினார். பனிச்சறுக்குப் பலகையும் கைகொடுக்கவில்லை. பிறகு எட்டடி நீளத்தில் இரண்டு பைன் பலகைகளை வாங்கி, தாயாரின் செம்புக் கொப்பரையில் முனைகளை வேகவைத்து மேல்நோக்கி வளைத்தார். சகோதரர் பென் படகோட்டினார். முதலில் விழுந்ததுதான் மிச்சம்.

ஜூலை 2-ந் தேதி, அவரது 19-வது பிறந்த நாளுக்கு முந்தின தினம், சூட்சுமம் பிடிபட்டது. உடலைப் பின்னுக்குச் சாய்த்து, பலகை முனை நீருக்கு மேலே தெரியும்படி வைத்துக்கொண்டால், படகின் வேகமே ஆளைத் தூக்கி நிறுத்திவிடுகிறது!

வித்தை காட்டினாரே தவிர, காப்புரிமை வாங்க அவருக்குத் தோன்றவில்லை. 1925-ல் ஃபிரெட் வாலர் என்பவர் அதைப் பெற்றார். பின்னாளில் 'சினிராமா' திரையைக் கண்டுபிடித்தவரும் இவரே. சாமுவேல்சன் வான்கோழி வளர்க்கப் போய்விட்டார்.

அறுபதுகளில் ஏரிக்கரையில் தொங்கிய பழைய பலகைகளைப் பார்த்து ஒரு பத்திரிகை நிருபர் விசாரித்த பிறகே விஷயம் வெளிவந்தது. 1966-ல் அமெரிக்க வாட்டர் ஸ்கீ சங்கம் அவரை ஏற்றுக்கொண்டது. பதினோரு ஆண்டுகள் அந்தப் பெருமையுடன் இருந்து, 1977-ல் காலமானார்.