ஓட்டை விழுந்த பல்லைப் பேஸ்ட் அடைக்காது

கைபேசியைத் திறந்தால் இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது இந்த விளம்பரம். ஃப்ளூரைடு இல்லாத பற்பசை, இழந்த தாதுச்சத்தைப் பல்லுக்கே திருப்பித் தருமாம். சொத்தை தானாக ஆறுமாம், ஈறு இறுகுமாம், பல் டாக்டரிடம் போகவே வேண்டாமாம். விலை மட்டும் மளிகைக் கடை பேஸ்ட்டைவிடப் பல மடங்கு. இது முழுப் பொய்யாக இருந்தால் ஒதுக்கிவிடலாம். திருவிழாக் கூட்டத்தில் துணி விரித்து உட்கார்ந்து, பல்லிலிருந்து புழு எடுத்துக் காட்டுகிறேன் என்பவரை இன்று யாரும் நம்புவதில்லை. பேஸ்ட் விளம்பரத்தில் பாதி உண்மை இருக்கிறது. படித்தவர்களும் ஏமாறுவது அந்தப் பாதியால்தான்.

உண்மையான பாதியை முதலில் பார்ப்போம். பல்லின் வெளிப்பூச்சான எனாமல் பெரும்பாலும் ஹைட்ராக்சி அபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட் தாதுவால் ஆனது. நாம் சாப்பிடும் சர்க்கரையையும் மாவுப்பண்டங்களையும் வாயிலுள்ள பாக்டீரியாக்கள் அமிலமாக மாற்றுகின்றன. அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு ஏறக்குறைய 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து தாது கரைந்து வெளியேறும். சற்று நேரத்தில் எச்சில் அந்த அமிலத்தைத் தணித்து, கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் மறுபடி பல்லில் படியவைக்கும். நாள் முழுவதும் இந்த வரவு செலவு நடந்துகொண்டே இருக்கிறது. காலையிலிருந்து ஐந்து முறை சர்க்கரை போட்ட டீ, நடுநடுவே பிஸ்கெட் என்று போனால் செலவு கூடி வரவு குறையும்.

அதன் முதல் அடையாளம் வலி அல்ல. பல்லைத் துடைத்து ஈரமில்லாமல் செய்துவிட்டு வெளிச்சத்தில் பார்த்தால், ஈறை ஒட்டிய இடத்தில் சுண்ணாம்பு தடவியதுபோல் பளபளப்பில்லாத வெள்ளைத் திட்டு தெரியும். பல்லுக்குக் கம்பி போட்டிருக்கும் பிள்ளைகளுக்கு இது சீக்கிரம் வரும். இந்தக் கட்டத்தில் எனாமலின் மேற்பரப்பு இன்னும் உடையவில்லை. சரியான பேஸ்ட், இரவில் தவறாத பல் துலக்கல், இனிப்பைக் குறைப்பது ஆகியவற்றால் திட்டு இறுகி நின்றுவிடும். பேஸ்ட்டால் சொத்தையை ஆற்ற முடியும் என்ற பேச்சில் உண்மை இவ்வளவுதான்.

மேற்பரப்பு உடைந்து குழி விழுந்துவிட்டால் கதையே வேறு. எனாமலை உருவாக்கிய செல்கள் பல் முளைத்து வெளியே வரும்போதே அழிந்துவிடுகின்றன. தோலில் காயம் பட்டால் புதுத் தோல் வளர்வதுபோல் பல்லில் புது எனாமல் வளராது. குழிக்குள் உணவும் பாக்டீரியாவும் தங்கிவிடும், பிரஷ் உள்ளே போகாது. எத்தனை விலை உயர்ந்த பேஸ்ட்டானாலும் அங்கே இழந்த வடிவத்தைக் கட்டி எழுப்பாது. அடைக்க வேண்டும், அல்லது மேலே பரவாமல் நிறுத்த வேண்டும். நிறுத்துவதற்கு மருந்து இருக்கிறது. சில்வர் டயமைன் ஃப்ளூரைடு என்ற திரவத்தைப் பல் மருத்துவர் குழியில் தடவுவார். துளைபோடும் கருவி தேவையில்லை, ஊசி தேவையில்லை. சொத்தை கறுத்துக் கெட்டியாகி நின்றுவிடும். கறுப்பு நிறம் நிரந்தரம் என்பதுதான் குறை. குழந்தைகளின் பால் பற்களுக்கும், நாற்காலியில் நெடுநேரம் உட்கார முடியாத முதியவர்களுக்கும் இது பெரிய உதவி. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் இதை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டு அதே பட்டியலில் ஃப்ளூரைடு பற்பசையும் ஏறியது.

விளம்பரம் மறைக்கும் பாதி இங்கேதான் வருகிறது. ஃப்ளூரைடு ஒருபுறம், தாதுவைத் திருப்பித் தரும் பேஸ்ட் மறுபுறம் என்று இரண்டையும் எதிரிகளாக நிறுத்துகிறார்கள். பல்லுக்குத் தாதுவைத் திருப்பித் தரும் பொருள்களில் அதிகம் ஆராயப்பட்டதே ஃப்ளூரைடுதான். எச்சிலில் இருக்கும் கால்சியத்தைப் பல்லில் வேகமாகப் படியவைத்து, முன்னைவிட அமிலத்தைத் தாங்கும் தாதுவாக மாற்றுவதுதான் அதன் வேலை.

ஃப்ளூரைடு இல்லாத பேஸ்ட்டுகளில் ஆராய்ச்சிப் பலம் சற்று உள்ளது ஹைட்ராக்சி அபடைட் கலந்த வகைக்குத்தான். ஜப்பானில் இது 1980-லேயே கடைக்கு வந்துவிட்டது. 1993-ல் சொத்தையைத் தடுக்கும் பொருளாக அங்கே அரசு ஏற்றுக்கொண்டது. 2023-ல் வெளியான போலந்து ஆய்வொன்று, பெரியவர்களிடம் 18 மாதம் சோதித்து, ஃப்ளூரைடு பேஸ்ட்டுக்கு இது சளைத்ததல்ல என்றது. அதை எழுதியவர்களில் பற்பசை நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஃப்ளூரைடுக்குப் பின்னால் பல பத்தாண்டுச் சோதனைகள் நிற்கின்றன. இதற்கு விரல்விட்டு எண்ணும் அளவில்தான். அந்தச் சோதனைகளும் சொத்தை வராமல் தடுப்பதைப் பற்றியவை. விழுந்த குழியை மூடியதாக எதுவும் காட்டவில்லை. இன்னொன்று, போலந்தில் சோதித்த பேஸ்ட்டில் ஹைட்ராக்சி அபடைட் 10 சதவீதம். கடையில் வாங்கும் ட்யூப்பில் எத்தனை சதவீதம் என்று அச்சிடாவிட்டால் அந்த ஆய்வை அதற்குச் சாட்சியாகக் காட்டுவதில் அர்த்தமில்லை. கால்சியம் கார்பனேட் என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். மலிவான பேஸ்ட்டுகளிலும் இருக்கும் அது பல்லைத் தேய்த்துச் சுத்தம் செய்வதற்கான தூள். ட்யூப்பின் அடியில் இருக்கும் பச்சை, சிவப்புக் கோட்டுக்கும் உள்ளே இருக்கும் பொருளுக்கும் சம்பந்தமே இல்லை. வெட்டி ஒட்டும் இயந்திரத்தின் கண்ணுக்காகப் போட்ட அடையாளம் அது. வாட்ஸ்அப் சொல்வதை விட்டுவிடுங்கள்.

ஃப்ளூரைடு என்றாலே பயப்படுகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போனால் அந்தப் பயத்துக்குக் காரணம் புரியும். பழுப்பேறிய, குழி குழியான பற்கள். நாள்பட்டவர்களுக்கு எலும்பும் மூட்டும் இறுகிவிடும். அன்றைய மதராஸ் மாகாணத்தின் நெல்லூர் வட்டாரத்தில் 1937-லேயே மருத்துவர்கள் இதைப் பதிவுசெய்தார்கள். ஃப்ளூரோசிஸ் என்ற இந்த நோய்க்குப் பாறையிலிருந்து நிலத்தடி நீரில் கரைந்து வரும் ஃப்ளூரைடுதான் காரணம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளூரோசிஸ் தணிப்பு என்ற சொல் இருக்கிறது. ஜப்பானியக் கடனுதவியோடு சுமார் 1,900 கோடி ரூபாயில் முடிந்து, 2013-ல் அது இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் காவிரி நீரைக் கொண்டுவந்தது.

ஆனால் குடிக்கும் நீரையும் துப்பும் பேஸ்ட்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. கணக்கைப் பாருங்கள். இந்தியக் குடிநீர்த் தரம் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃப்ளூரைடு வரை ஏற்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் மட்டும் 1.5 வரை. லிட்டருக்கு 3 மில்லிகிராம் உள்ள போர்வெல் தண்ணீரை நாளுக்கு மூன்று லிட்டர் குடித்தால் 9 மில்லிகிராம் உடலுக்குள் போகிறது. பட்டாணி அளவு பேஸ்ட் ஏறக்குறைய கால் கிராம். 1000 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு ஃப்ளூரைடு உள்ள பேஸ்ட்டில் அந்த அளவுக்குள் இருப்பது கால் மில்லிகிராம். அதையும் பெரியவர்கள் பெரும்பாலும் துப்பிவிடுகிறார்கள். பேஸ்ட்டை மாற்றிவிட்டு அதே போர்வெல் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தால் ஒரு பலனும் இல்லை.

குழந்தைகள் விஷயம் வேறு. இனிப்பான பேஸ்ட்டைத் துப்பாமல் விழுங்கும் வயதில், விளம்பரத்தில் காட்டுவதுபோல் பிரஷ் நீளத்துக்குப் பிதுக்கித் தருவது தவறு. நிரந்தரப் பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் பருவம் அது. மூன்று வயதுக்குக் கீழே அரிசி அளவு, அதற்கு மேல் ஆறு வயதுவரை பட்டாணி அளவு போதும். கூடவே பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும். குடிநீரில் ஏற்கெனவே ஃப்ளூரைடு அதிகமுள்ள ஊரில் துப்பத் தெரியாத குழந்தைக்கு ஹைட்ராக்சி அபடைட் பேஸ்ட் நியாயமான தேர்வாக இருக்கலாம். பல் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்தி உங்கள் வீட்டுத் தண்ணீரைச் சோதித்துக்கொள்ளலாம். தூய நீர் வாழும் உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அளவு மீறினால் கிராம சபையில் எழுத்தாகவே கொடுங்கள்.

ஈறு பற்றிச் சொல்ல அதிகமில்லை. துலக்கும்போது ரத்தம் வந்தால் ஈறு ஓரத்தில் அழுக்குப் படலம் தங்கியிருக்கிறது என்று அர்த்தம். நன்றாகத் துலக்கினால் இந்த ஆரம்பக் கட்டம் மாறிவிடும். படலம் கெட்டிப்பட்டுக் காரையாகிவிட்டால் எந்தப் பேஸ்ட்டும் கரைக்காது, மருத்துவர்தான் சுரண்டி எடுக்க வேண்டும். க்ளீனிங் செய்தால் பல் ஆடும் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. காரை பிடித்து நிறுத்தியிருந்த பல், எலும்பு கரைந்து ஏற்கெனவே ஆடிப்போனது. காரை போனதும் அது தெரியவருகிறது, அவ்வளவுதான். கரைந்த எலும்பைத் தாதுப் பேஸ்ட் திருப்பித் தராது. சர்க்கரை நோயாளிகளுக்கு ஈறு நோய் வேகமாக முற்றும். ஈறு நோய் சர்க்கரையையும் ஏற்றும்.

இந்த விளம்பரங்களால் வரும் பெரிய ஆபத்து காலதாமதம். இவற்றில் பல பேஸ்ட்டுகள் பல் கூச்சத்தைக் குறைக்கும். கிராம்பு எண்ணெயும் வலியை மரக்கச் செய்யும். குறைந்ததும் ஆறிவிட்டது என்று நினைக்கிறோம். கடும் வலி திடீரென நிற்பது பெரும்பாலும் உள்ளிருக்கும் நரம்பு செத்ததன் அடையாளம். அதற்குப் பிறகு சீழ் வேரடிக்குப் போகும். சில நூறு ரூபாயில் அடைத்திருக்க வேண்டிய பல் ரூட் கேனாலுக்குப் போகும், அல்லது பிடுங்கப்படும். முகம் வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்கவோ எச்சில் விழுங்கவோ முடியாவிட்டாலோ அன்றே, இரவானாலும், மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். தொற்று கழுத்துக்கு இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

சட்டம் வாங்குபவர் பக்கம் இருக்கிறது. கடையில் கிடைக்கும் பெரும்பாலான பற்பசைகள் சட்டத்தின் பார்வையில் அழகுசாதனப் பொருள்கள். வாங்குபவரைத் தவறாக நம்பவைக்கும் எதையும் லேபிளில் சொல்ல அழகுசாதனப் பொருள் விதிகள், 2020 இடம் தரவில்லை. ஃப்ளூரைடு பேஸ்ட்டில் அளவு 1000 பி.பி.எம்.மைத் தாண்டக் கூடாது; ட்யூப்பிலும் அட்டையிலும் எண்ணை அச்சிட வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்ததென்றால் இறக்குமதிப் பதிவு எண்ணும் இறக்குமதியாளர் முகவரியும் இருக்க வேண்டும். அவை இல்லாத ட்யூப்பை ஆன்லைனில் யார் விற்றாலும் வாங்காதீர்கள்.

வெள்ளைக் கோட்டுக்கும் மயங்காதீர்கள். இந்தியப் பல் மருத்துவர்கள் எந்தப் பொருளுக்கும் விளம்பரச் சான்று தருவதை அவர்களுடைய நடத்தை விதிகளே தடுக்கின்றன. இதைச் சுற்றிக்கொண்டு வெளிநாட்டுப் பல் மருத்துவர்களைப் பேசவைத்த சென்சோடைன் விளம்பரங்களை நிறுத்தும்படி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் உத்தரவிட்டது. உலகில் முதலிடம் என்பதுபோன்ற விளம்பரங்களுக்காக 10 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. பெரிய நிறுவனத்துக்கே இந்தக் கதி என்றால், இன்ஸ்டாகிராமில் சொத்தை ஆறும் என்று பேசும் பிரபலம் தப்பிக்க முடியாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி விளம்பரத்தில் தோன்றுபவருக்கும் அபராதம் உண்டு, ஓராண்டுவரை விளம்பரத் தடையும் உண்டு.

பாதிக்கப்பட்டால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். ஆன்லைனில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் பதில் வர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்வு வர வேண்டும். பொருளின் மீதே சந்தேகமென்றால் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் போகலாம். பலருக்குத் தெரியாத உரிமை ஒன்று மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் 26-ஆம் பிரிவில் இருக்கிறது. வாங்கியவரே கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் பொருளைச் சோதனைக்குக் கொடுத்து, கையெழுத்திட்ட அறிக்கை பெறலாம். இழப்பீடு வேண்டுமென்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

பல்லைப் பொறுத்தவரை நான் சொல்வது இது. ஃப்ளூரைடு பேஸ்ட்டே பெரும்பாலானோருக்குப் போதும். இரவில் துலக்கியபின் நுரையைத் துப்புங்கள், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காதீர்கள். நாக்கு நுனியில் குழி தட்டுப்பட்டாலோ, உணவு ஒரே இடத்தில் சிக்கினாலோ புதுப் பேஸ்ட் தேடுவதை விட்டு, அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்கோ தெரிந்த மருத்துவரிடமோ இந்த வாரமே காட்டுங்கள். ஏற்கெனவே வாங்கி ஏமாந்திருந்தால் பில், அட்டைப்பெட்டி, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், மருத்துவரின் சீட்டு, எக்ஸ்ரே எதையும் தூக்கி எறியாதீர்கள். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.