தோட்டத்தில் குடைக்கோரை

கோரை என்றவுடன் உழவர்க்குக் களையின் நினைவே எழும். ஆயினும், ஏறத்தாழ 5,500 இனங்கள் அடங்கிய சைப்பரேசி என்னும் கோரைக் குடும்பம் முழுவதையும் வயற்களை ஒன்றைக் கொண்டு மதிப்பிடுதல் முறையன்று. பத்தமடையிலும் வங்காளத்து மேதினிப்பூரிலும் பாய் நெய்யப்படுவது கோரையாலேயே. பண்டை எகிப்தியர் எழுதுதாள் செய்த பாப்பிரஸும் கோரையே. தோட்டத்திற்கு அழகூட்டும் கோரைகளும் உள. அவற்றுள் நம் நாட்டில் எளிதில் கிடைப்பது குடைக்கோரை.

செடியின் இயல்பு

ஆப்பிரிக்காவையும் மடகாஸ்கரையும் தாயகமாகக் கொண்ட இது 2 முதல் 5 அடி உயரம் வளரும். நாற்றுப்பண்ணைகளில் 'அம்பிரெல்லா பாம்' என விற்கப்படினும், இது பனையினம் அன்று. தண்டின் உச்சியில் குடைக்கம்பிகள்போல் விரிந்து நிற்பவை இலை வடிவம் பெற்ற பூவடிச் செதில்களே. உண்மையான இலைகள் தண்டின் அடியில் வெறும் உறைகளாகக் குறுகிவிட்டன.

வளர்க்கும் முறை

10 அங்குலத் தொட்டியில் இரு பங்கு தோட்டமண்ணும் ஒரு பங்கு மக்கிய தொழுவுரமும் கலந்து நிரப்பி நடுக. வெயிலிலும் அரை நிழலிலும் செடி செழிக்கும். ஈரம் குறைந்தால் நுனிகள் பழுப்பாகும். ஆகவே தொட்டியை நீருள்ள தட்டில் வைத்தல் நன்று. டெங்கு பரப்பும் கொசு இத்தகைய நீரிலேயே பெருகுமாதலால், வாரம் ஒருமுறை நீரைக் கொட்டித் தட்டைத் தேய்த்துக் கழுவுதல் இன்றியமையாதது. பாத்தியாயின், நீர் தேங்கும் தாழ்வான இடத்தில் இரண்டடி இடைவெளியில் நடலாம். முதிர்ந்து மஞ்சளித்த தண்டுகளை அடியோடு வெட்டிவிடுக.

வகுப்பறைச் சோதனை

தூரைப் பிரித்து நடுவதேயன்றி, வேறொரு வழியும் உண்டு. குடைத்தலையை இரண்டு அங்குலத் தண்டுடன் வெட்டி, செதில்களைப் பாதியாகக் கத்தரித்து, தலைகீழாக நீர்க் குவளையில் இடுக. சில வாரங்களில் செதில்களின் கக்கங்களிலிருந்து வேரும் தளிரும் தோன்றும். மாணவர் இதனை நாள்தோறும் கண்டு குறித்து வரலாம். வளாகத்துக் கோரை ஒன்றையும் புல் ஒன்றையும் பறித்துத் தண்டுகளை விரலிடையே உருட்டச் செய்க. கோரையின் முப்பட்டைத் தண்டும் புல்லின் உருண்டைத் தண்டும் உடனே வேறுபட்டுத் தோன்றும்.

எச்சரிக்கை

குவளையில் வேர்விடும் தலை வாய்க்காலிலும் வேர்விடும். ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் இச்செடி தோட்டத்தினின்று தப்பி ஓடைக்கரைகளில் பரவியுள்ளது. எனவே இதனை வாய்க்கால், ஏரிக் கரைகளில் நடுதல் கூடாது. பூத்த தலைகளை விதை முற்றுமுன் வெட்டுக. வெட்டியவற்றை நீர்நிலையில் எறியாது உலர்த்தி அழிக்க.

பண்ணையிலிருந்து வாங்கும் தொட்டி மண்ணில் களைக்கோரையின் கிழங்குகள் மறைந்திருக்கக் கூடும். மேலே பிடுங்கினால் அவை அழியா. மண்ணைக் கிளறிக் கிழங்கோடு அகற்ற வேண்டும். இவ்விரண்டிலும் கருத்துடையோர் குடைக்கோரையை அச்சமின்றி வளர்க்கலாம்.