சேலத்தில் ‘குணமுள்ள’ பார் தேடுவது எப்படி?

பெங்களூரில் வேலை பார்க்கும் நண்பர்கள் சேலம் பக்கம் வரும்போதெல்லாம் கேட்கும் கேள்வி: “இந்த ஊருக்குன்னு ஒரு பார் இல்லையாப்பா?” ஏசி, பாட்டு, கலர் லைட்டெல்லாம் அவங்க கேக்கல. உள்ளே போனதும் இது சேலம்னு தெரியணும், அவ்வளவுதான்.

டோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியில் கோல்டன் காய் என்று ஓர் இடம் இருக்கிறது. ஆறு குறுகிய சந்துகளில் சுமார் இருநூறு குட்டி பார்கள். பலவற்றில் பத்துப் பேர் உட்கார்ந்தாலே இடம் நிறைந்துவிடும். ஒவ்வொன்றும் நடத்துகிறவரின் ரசனைப்படி இருக்கும். நம்ம ஐந்து ரோட்டில் ஏன் அப்படி ஒன்று உருவாகவில்லை என்று நோண்டிப் பார்த்த குறிப்பு இது.

முதலில் கொஞ்சம் வரலாறு. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலில் வந்ததே சேலம் மாவட்டத்தில்தான், 1937 அக்டோபர் 1 அன்று. இன்றைய நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அப்போது சேலத்துக்குள் அடக்கம். முதல்வராக இருந்த ராஜாஜி இங்கேதான் வக்கீலாக இருந்தார், நகராட்சித் தலைவராகவும் இருந்தார். திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் 1925ல் காந்தி ஆசிரமம் தொடங்கி, மதுவிலக்குக்காகவே ‘விமோசனம்’ என்று பத்திரிகை நடத்தியவர். கள்ளுக்கடைக்குப் போன கூலிக்காசு வீட்டுக்கு வரணும் என்பது நோக்கம். அரசுக்குக் குறைந்த வருமானத்தை ஈடுகட்ட 1939ல் விற்பனை வரி வந்தது.

1948ல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. 1971ல் நீக்கினார்கள். 1974ல் திரும்பக் கொண்டுவந்தார்கள். 1981ல் மறுபடி கடை திறந்தது. 1987 ஜனவரி முதல் கள்ளுக்குத் தடை. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்குப் போனது. இந்தத் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும்: அப்பா நடத்தி மகனுக்குக் கொடுத்த கடை என்று ஒன்று இங்கே உருவாக வழியே இல்லை.

இன்றைய ஏற்பாட்டையும் பாருங்க. சரக்கு விற்பது அரசின் கடை. பக்கத்தில் இருக்கும் பார், டெண்டரில் குறுகிய காலத்துக்கு எடுத்தது. பார் எடுத்தவருக்குக் கிடைக்கும் முக்கிய உரிமை தின்பண்டம் விற்பது. என்ன சரக்கு, என்ன விலை, எத்தனை மணி வரை என்று எதையும் அவர் தீர்மானிக்க முடியாது. அடுத்த டெண்டர் யாருக்கு என்றும் தெரியாது. அப்புறம் யார் நல்ல மேசை வாங்கிப் போடுவார்? போதாக்குறைக்கு, நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2016 டிசம்பரில் சொன்னதும், மறு வருஷம் தமிழ்நாடு முழுக்க ஏராளமான கடைகள் இடம் மாறின. ஓட்டல் பார்களுக்கு உரிமம் வேறு. அங்கே ஏசி உண்டு, ஆனால் எந்த ஊர் ஓட்டலும் ஒரே மாதிரி.

எங்க தொழில்ல ஒரு பழக்கம்: எல்லாம் பூட்டி வைத்த சிஸ்டத்தில், மாற்றக்கூடியது எது என்று தேடுவோம். இங்கே மாற்றக்கூடியது ஒன்றே ஒன்று, சைடு டிஷ். அதனால் பாரின் பெயரை விட்டுட்டு அடுப்பைத் தேடுங்க. நான் கவனிப்பது இவைதான்:

ஒன்று, சமையல் அங்கேயே நடக்கிறதா. சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டு யாராவது உட்கார்ந்திருந்தால் நல்ல சகுனம்.

இரண்டு, தட்டில் நம்ம ஊர் இருக்கிறதா. பள்ளிபாளையம் நாமக்கல் மாவட்டத்து ஊர். வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லு போட்ட பள்ளிபாளையம் சிக்கனை ஒழுங்காகச் செய்கிறார்களா பாருங்க. கோழிப்பண்ணை நாட்டில் கலக்கி கூட சரியாக வரவில்லை என்றால் எழுந்துவிடலாம். மேட்டூர் அணை மீன் இருந்தால் கூடுதல் மார்க்.

மூன்று, குடிக்காதவர்கள் வந்து பார்சல் வாங்குகிறார்களா. இதைவிட நம்பகமான சோதனை கிடையாது.

நான்கு, மாஸ்டர் எத்தனை வருஷமாக இருக்கிறார். டெண்டர் கை மாறினாலும் மாஸ்டர் மாறாத இடங்கள் உண்டு. ஊரின் குணம் அவரிடம்தான் தங்கியிருக்கிறது.

கேரளத்துக் கள்ளு ஷாப்புகளும் ஏலத்தில் போகிறவைதான். ஆனால் கள் மரத்திலிருந்து இறங்குகிறது, கூடவே கப்பையும் மீன்கறியும். அதைச் சாப்பிடவே குடும்பத்தோடு போகிறார்கள். நம்மிடம் பனையும் தென்னையும் இருக்கின்றன, கள் இறக்க அனுமதி இல்லை.

இதெல்லாம் ஒரு ஆராய்ச்சியா என்று கேட்கலாம். நின்றபடியே ஊற்றிக்கொண்டு கிளம்புகிற இடத்தில் யாரும் யாரையும் கவனிப்பதில்லை. உட்கார்ந்து சாப்பிடுகிற இடத்தில், முகம் தெரிந்த மாஸ்டர் ஒருவர், “அண்ணா, இன்னைக்குப் போதும், வீட்டுக்குக் கிளம்புங்க” என்று சொல்ல முடியும். 1937ல் ராஜாஜி கவலைப்பட்ட அந்த வீட்டுக்கு, கடை இருக்கும் காலத்தில் இதுவாவது உதவும்.

கடை மதியம் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடும். ஏழு மணிக்குப் போனால் அடுப்பு சூடாக இருக்கும், மாஸ்டருக்குப் பேசவும் நேரம் இருக்கும். வண்டியை மட்டும் வீட்டிலேயே விட்டுட்டுப் போங்க.