மறதிக்கும் சர்க்கரைக்கும் தொடர்பு உண்டு

"வயசாயிடுச்சு, மறதி வரத்தான் செய்யும்" என்று சொல்லிவிடுகிறோம். பெரியவருக்குச் சர்க்கரை நோயும் இருந்தால் அப்படி விடக்கூடாது.

உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான். உடலின் சக்தியில் சுமார் 20 சதவீதம் அதற்கே செலவாகிறது. அதன் முக்கிய எரிபொருள் குளுக்கோஸ். பல ஆண்டுகள் சர்க்கரை கூடியே இருந்தால் மூளையின் நுண் இரத்தக்குழாய்கள் பழுதாகும். மறதி நோய் வரும் வாய்ப்பும் கூடும்.

சர்க்கரை திடீரென இறங்குவதும் ஆபத்து. மாத்திரை போட்டுச் சாப்பிட மறந்தவருக்கு வியர்வை, நடுக்கம், குழப்பம் வந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். மயங்கியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

சோற்றைக் குறைத்து பருப்பு, கீரை, மீன் கூட்டுவோம். மாத்திரையை நாமே எடுத்துக் கொடுப்போம். நோன்புக்கு முன் மருத்துவரிடம் கேட்போம். மறதி கூடினால் திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கோ முண்டியம்பாக்கத்துக்கோ அழைத்துச் செல்வோம்.