ஒரே கேள்வியை மறுபடியும் கேட்பவர்

"காலையில் ஒருவர் கேட்டார், இரவில் இன்னொருவர் அதையே கேட்கிறார். பெரிய டாக்டரிடம் ஒரு முறை சொன்னது போதாதா?" உள்நோயாளிகளின் உறவினர் எங்களிடம் அடிக்கடி கூறும் குறை இது. நியாயமான குறைதான்.

இரவில் வருபவர் பெரும்பாலும் முதலாண்டு முதுநிலை மருத்துவர். சிலர் அவரைப் "படிக்கிற பையன்" என்று எண்ணிவிடுகின்றனர். நான்கரை ஆண்டு எம்.பி.பி.எஸ். படிப்பையும் ஓராண்டுப் பயிற்சியையும் முடித்த பின்னரே அவர் மூன்றாண்டு எம்.டி. படிப்புக்கு வந்திருக்கிறார். மருத்துவர்தான், இத்துறைக்குப் புதியவர். முக்கிய முடிவுகளை மூத்தவர்களைக் கலந்தே எடுப்பார்.

அண்மையில் முதியவர் ஒருவர் சர்க்கரை அளவு தாழ்ந்து மயங்கிய நிலையில் வந்தார். அவர் உட்கொள்ளும் மருந்துகளை நாங்கள் கேட்டு எழுதியிருந்தோம். அன்றிரவு முதலாண்டு மருத்துவர் முதியவரின் மனைவியிடம் மறுபடியும் கேட்டு, மாத்திரைப் பையையே கொண்டுவரச் செய்தார். கிளிமிப்பிரைடு என்னும் ஒரே மருந்து, இரு நிறுவனப் பெயர்களில், இரண்டு அட்டைகளாக இருந்தது. பழையதை நிறுத்தாமல் புதியதையும் கொடுத்து வந்திருக்கிறார் அந்த அம்மையார். நாங்கள் தவறவிட்டது அது.

இதே மருத்துவர் வேறொரு நாள் ஒரு படிவத்துடன் வரலாம். "எங்களை வைத்துப் பரிசோதனையா?" என்ற அச்சம் எழுவது இயல்பு. எம்.டி. பட்டத்துக்கு ஆய்வேடு கட்டாயம். அதன் திட்டம் முதலாண்டிலேயே உருவாகிறது. ஆய்வு முறைகளுக்கென, சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் நடத்தும் இணையவழிப் பாடத்தையும் அவர் பயில்கிறார். நெறிமுறைக் குழுவின் அனுமதியின்றி ஒருவரையும் ஆய்வில் சேர்க்க இயலாது. அக்குழுவில் மருத்துவர் அல்லாதோரும் உள்ளனர். பல ஆய்வுகள், வழக்கமான சிகிச்சையின்போது கிடைக்கும் விவரங்களைத் தொகுப்பவையே.

அறுவை சிகிச்சைக்கான ஒப்புதல் வேறு, ஆய்வுக்கான ஒப்புதல் வேறு. கையெழுத்திடும் முன் எது என்று கேளுங்கள். ஆய்வுக்கு மறுக்கலாம், இடையில் விலகலாம், சிகிச்சை மாறாது. மாறும் என்று எவரேனும் கூறினால், துறைத் தலைவரிடம் உடனே தெரிவியுங்கள்.

வாரம் ஒரு நாள் ஓய்வு என்று 2023ஆம் ஆண்டு விதிகள் கூறினாலும், பணி நெருக்கடியில் அது எப்போதும் கிடைப்பதில்லை. அவர் விரைந்து நகர்ந்தால், தயங்காமல் மீண்டும் அழையுங்கள்.

அந்த மாத்திரைப் பையே இப்போது அவரது ஆய்வுப் பொருள்: முதியோர் ஒரே மருந்தை இருமுறை உட்கொள்வது பற்றி. திட்டம் நெறிமுறைக் குழுவின் முன் இருக்கிறது.