செயலிக்குச் செயலி ஒரு பிரவுசர் எதற்கு?

வெப்சைட் உருவாக்கத் தெரிந்தவர், கணினியில் நிறுவி ஓட்டும் மென்பொருளையும் அதே கையோடு செய்துவிடலாம். இதைச் சாத்தியமாக்கிய தளம் எலெக்ட்ரான். 2013-ல் ‘ஆட்டம்’ என்ற கோட் எடிட்டருக்காக உருவாகி, 2015-ல் இந்தப் பெயரைப் பெற்றது. 2022-ல் ஆட்டம் நிறுத்தப்பட்டுவிட்டது. எலெக்ட்ரானோ இன்று விஎஸ் கோட் முதல் அலுவலக சாட் செயலிகள் வரை பரவிக் கிடக்கிறது.

எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தால் போதும். திரையில் தெரிவதையெல்லாம் குரோமியம் என்ற பிரவுசர் கவனித்துக்கொள்ளும். ஃபைலைத் திறப்பது, சேமிப்பது போன்ற வேலைகளுக்கு நோட் ஜேஎஸ் இருக்கிறது. ஒருமுறை எழுதிய கோட் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். சிறிய குழுக்களுக்கு இது பெரிய வரம்தான். செலவும் நாளும் மிச்சம் என்று டெவலப்பர்கள் சொல்வதை மறுக்க முடியாது.

ஆனால், அந்த மிச்சத்துக்கான விலையைக் கொடுப்பவர் பயனாளர். ஒவ்வொரு எலெக்ட்ரான் செயலிக்குள்ளும் ஒரு முழு குரோமியம் உட்கார்ந்திருக்கிறது. தெருவுக்கு ஒரு டிரான்ஸ்பார்மர் போதும் என்ற இடத்தில் வீட்டுக்கு வீடு வைத்ததுபோல! வெறும் ‘ஹலோ வேர்ல்டு’ காட்டும் செயலியின் அளவே 100 எம்பியைத் தாண்டிவிடும். ஒவ்வொன்றும் தன் குரோமியத்தைத் தனியாக ஓட்டுவதால், இப்படி நான்கைந்து செயலிகளைத் திறந்தால் 4 ஜிபி ராம் உள்ள லேப்டாப் மூச்சுத் திணறும். நன்றாக உழைக்கும் கணினியை ‘பழசாகிவிட்டது’ என்று ஓரங்கட்ட வைப்பது இந்தச் சுமைதான். புதிது வாங்க வசதியில்லாத மாணவர் என்ன செய்வார்?

பாதுகாப்புச் சிக்கலும் உண்டு. எலெக்ட்ரானில் 8 வாரங்களுக்கு ஒரு பெரிய பதிப்பு வருகிறது. கடைசி மூன்று பதிப்புகளுக்கு மட்டுமே ஆதரவு. செயலியை உருவாக்கியவர் அப்டேட் செய்யாமல் விட்டால், ஓட்டை தெரிந்த பழைய பிரவுசர் அதற்குள்ளேயே கிடக்கும். நீங்கள் உங்கள் பிரவுசரை எத்தனை முறை புதுப்பித்தாலும் அது மாறாது.

மாற்றுவழி இருக்கிறது. 2022-ல் 1.0 பதிப்பு கண்ட டாரி என்ற தளம், பிரவுசரைச் சுமந்து வருவதில்லை. வெப் பக்கங்களைக் காட்ட, கணினியிலேயே இருக்கும் வெப்வியூவைப் பயன்படுத்துகிறது. சில எம்பியில் செயலி முடிந்துவிடும். பின்னணி வேலைகளுக்குக் கொஞ்சம் ரஸ்ட் மொழி கற்க வேண்டியிருக்கலாம். கற்கலாமே!

இளம் டெவலப்பர்களே, எந்தத் தளத்தைத் தேர்ந்தெடுத்தாலும் சரி, வெளியிடுவதற்கு முன் உங்கள் செயலியை 4 ஜிபி ராம் லேப்டாப்பில் ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பாருங்கள். அங்கே திணறினால், உங்கள் வேலை இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.